நாய்க்கு வீட்டிலேயே தின்பண்டம்: எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

இங்கிலாந்தில் எமது வீடுகளில் நாய் வளர்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள், கடைசியில் பகல் முழுவதும் அதனுடன் இருப்பவர்கள் அம்மம்மாவும் தாத்தாவும்தான். நான் மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் குடும்ப வைத்தியன், மிருக வைத்தியன் அல்லன். ஆனாலும் பிரஷர் பார்க்க வருபவர்கள் எழும்பிப் போகும்போது "டொக்டர், நாய்க்கு வடை கொடுக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கடையில் விற்கும் நாய்ப் பிஸ்கற்றின் விலையைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களும் உண்டு. செய்யலாம், மிகவும் சுலபம். ஆனால் எமது சமையலுக்கு ருசி தரும் பொருட்களில் பல நாயின் உடலுக்கு நஞ்சு. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வெங்காயமும் உள்ளியும்

வெங்காயம், சின்ன வெங்காயம், லீக்ஸ், உள்ளி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றன. வதக்கினாலும் அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. காயவைத்துத் தூளாக்கினால் இன்னும் செறிவாகிறது. சூப் கட்டிகளிலும் வெங்காயத் தூள் இருப்பதை நினைவில் வையுங்கள். நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் போனாலே இரத்தத்தில் பாதிப்புத் தெரியும். ஐந்து கிலோ எடையுள்ள சிறிய நாய்க்கு அது ஒரு நடுத்தர வெங்காயம். உள்ளி இதைவிடக் கடுமையானது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும் ஆபத்தே. அறிகுறிகள் உடனே வருவதில்லை. சில நாட்கள் கழித்து நாய் சோர்ந்து, முரசு வெளிறி, சலம் சிவப்பாகவோ கபிலமாகவோ போகும். அதற்குள் கறிச்சோறு கொடுத்ததை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

பிளம்ஸும் புளியும்

முந்திரிகைப் பழமும், நாங்கள் பிளம்ஸ் என்று சொல்லும் அதன் வற்றலும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாட்களில் செயலிழக்கச் செய்யும். ஒரு நாய் ஒரு பிடி தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று சிலவற்றிலேயே விழுந்துவிடும். இவ்வளவு கொடுத்தால் பயமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது. சர்க்கரைப் பொங்கல், பாயாசம், கேசரி, கிறிஸ்மஸ் கேக் எல்லாம் இதில் அடங்கும்.

இதன் காரணம் பல வருடங்களாகப் பிடிபடவில்லை. 2021இல் அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ அமைப்பின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு நிலைய வைத்தியர்கள், முந்திரிகையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அவர்களை அந்தப் பக்கம் திருப்பியவற்றில் ஒன்று, புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரிச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. புளியில் அந்த அமிலம் மிக அதிகம். ஆகவே இரசம், புளிக்குழம்பு, மீன்குழம்பு ஊற்றிய சோறு நாய்க்கு வேண்டாம்.

நீரிழிவுக்காரர் வீட்டில் இன்னொரு கவனம்

எமது சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. அதனால் சீனி இல்லாத இனிப்புகளும் சூயிங்கமும் மேசையிலும் கைப்பையிலும் கிடக்கின்றன. இவற்றில் சிலவற்றில் சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி இருக்கும். பக்கற்றில் ஈ967 என்றோ பேர்ச் சுகர் என்றோ போட்டிருப்பார்கள். மனிதருக்கு அது தீங்கில்லை. நாய்க்கோ அது இன்சுலினைத் திடீரெனச் சுரக்கவைத்து, பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அளவு கூடினால் ஈரலும் கெடும். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிராமே போதும். கச்சான் பட்டர் போட்டு நாய்க்குப் பிஸ்கற் செய்யும் முறைகள் பல உண்டு. அந்தப் போத்தலில் சைலிற்றோல் இல்லை என்று வாசித்து உறுதிசெய்யாமல் போடாதீர்கள்.

சொக்லேற் கூடாது என்பது பிள்ளைகளுக்கே தெரியும். மக்கடேமியாக் கொட்டையும் அப்படியே. சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வடை கேட்டவர்களுக்குப் பதில்: வெங்காயம் ஒன்று, எண்ணெய் இன்னொன்று. கொழுப்புக் கூடிய பொரியல் சில நாய்களுக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும்.

செய்யக்கூடியவை

ஓட்ஸ் பிஸ்கற்: இரண்டு கப் ஓட்ஸை மிக்சியில் மாவாக அரைத்து, அரைக் கப் அவித்து மசித்த பூசணிக்காய், ஒரு முட்டை சேர்த்து ரொட்டிக்குப் போல இறுக்கமாகக் குழையுங்கள். உப்பு, சீனி, எண்ணெய் எதுவும் வேண்டாம். கால் அங்குலத் தடிப்பில் தட்டி, நகமளவு துண்டுகளாக வெட்டி, 180 பாகை செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் வரை ஓவனில் வைத்து நன்றாக ஆறவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிழமை இருக்கும், மிச்சத்தை உறையவைக்கலாம்.

இன்னும் சுலபம் வத்தாளங்கிழங்கு. தோலைச் சீவி, மெல்லிய வட்டங்களாக வெட்டி, 120 பாகையில் இரண்டரை, மூன்று மணித்தியாலம் வைத்து இடையில் ஒருமுறை திருப்பிவிட்டால் நாய் மென்று தின்னும் பதத்துக்கு வரும். பழக்குவதற்கு உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சிறைச்சியின் சிறு துண்டுகளைப்போல் எதுவும் வராது. கறிக்கு வெட்டும்போதே, தாளிக்கும் முன், ஒரு துண்டைப் புறம்பாக எடுத்து அவித்துவிடுங்கள்.

தின்பண்டம் நாளாந்த உணவின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 முதல் 600 கலோரி போதும். ஆகவே தின்பண்டத்துக்கு 50 அல்லது 60 கலோரி. நாங்கள் தேநீரோடு சாப்பிடும் ஒரு டைஜெஸ்டிவ் பிஸ்கற் மட்டுமே 70 கலோரி. நாய்க்குத் துண்டின் அளவு முக்கியமில்லை, எத்தனை தடவை கை நீண்டது என்பதுதான் முக்கியம். எனவே சிறிதாக வெட்டுங்கள்.

"ஊரில் சோறும் மீன்தலையும் போட்டுத்தானே வளர்த்தோம், என்ன நடந்தது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஊர் நாய் நாள் முழுவதும் ஓடித் திரிந்தது. அது செத்தால் ஏன் என்று எவரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் அவர்களுடைய மனமும் எனக்கு விளங்குகிறது. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது நாயைக் கட்டவிழ்த்துவிட்டு வந்தவர்கள் எங்களில் பலர். பக்கத்தில் நின்று பார்க்கும் நாய்க்கு ஒரு வாய் கொடுக்காமல் தனக்குச் சோறு இறங்காது என்று ஒரு தாய் சொன்னால், அவரோடு என்ன வாதாடுவது? நாய்க்கென்று செய்ததில் அன்றைய பங்கை மட்டும் ஒரு சிறு பேணியில் போட்டு, அவர் இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் வையுங்கள். பேணி வெறுமையானால் அன்றைக்கு முடிந்தது.

பச்சை இறைச்சியிலோ பச்சை ஈரலிலோ தின்பண்டம் செய்வதை நான் விரும்புவதில்லை. சல்மொனெல்லா கிருமி நாயை வருத்தாமலே அதன் வாயிலும் மலத்திலும் இருக்கும். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் உள்ள வீட்டில் அது வேண்டாத வேலை. பிள்ளைகள் நாய்க்குக் கொடுத்தபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

கூடாதது ஏதும் உள்ளே போய்விட்டால் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே நாயைக் கொல்லலாம். உடனே மிருக வைத்தியரை அழைத்து, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்று சொல்லுங்கள். பக்கற்றைக் கையோடு கொண்டு போங்கள். இரவில் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலையின் தொலைபேசி இலக்கத்தை இன்றே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் வாசிக்கக்கூடியதாக, தமிழில், பெரிய எழுத்தில்.