திருப்பத்தின் கணக்கு: ஒன்றரைக் கிலோ பக்கியும் 200 டன் மகாரதமும்

திருவண்ணாமலை மகாரதத்தின் உயரம் 59 அடி, எடை சுமார் 200 டன். அதற்கு ஸ்டீரிங் கிடையாது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7ஆம் நாள் தேரடியில் நிலையை விட்டுக் கிளம்பி, திருவூடல் தெரு, பேகோபுரத் தெரு, பெரிய தெரு என்று மாடவீதியைச் சுற்றி வருவதற்குள் அது நான்கு முறை வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். பிள்ளையார் தேர், முருகன் தேர், பெண்களே இழுக்கும் அம்மன் தேர், சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர் ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து தேர்கள், ஒரே நாளில் 20 திருப்பங்கள்.

இந்தக் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் ரிமோட்டில் ஓடும் பந்தய பக்கி ஒன்றை வைக்கிறேன். பத்தில் ஒரு பங்கு அளவு, எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, அகலம் அதிகபட்சம் 25 செ.மீ. அதன் ஸ்டீரிங்கைச் சீர்செய்வதற்கென்றே ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதினால், வண்டி திரும்பும்போது செலவு எங்கே விழுகிறது என்பது பிடிபடும்.

பக்கியில் முதலில் கண்ணில் படுவது சர்வோ மோட்டார். ரிமோட்டின் சக்கரத்தைத் திருகினால் முன்சக்கரங்களை அந்தப் பக்கம் தள்ளுவது இதுதான். வாங்குபவர்கள் பார்க்கும் எண்கள் இரண்டு: எத்தனை கிலோ-செ.மீ. முறுக்குவிசை, 60 பாகை திரும்ப எத்தனை நொடி. பொறியியல் மாணவர்கள் ரோபோ செய்ய வாங்கும் எம்ஜி 996ஆர் சர்வோ 300 முதல் 450 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 6 வோல்ட்டில் 11 கிலோ-செ.மீ., 0.14 நொடி. பந்தயக்காரர்களுக்குப் பழக்கமான சாவாக்ஸ் எஸ்சி-1258டிஜி அதே 6 வோல்ட்டில் 12 கிலோ-செ.மீ., 0.08 நொடி. விலை 80 டாலரை ஒட்டி, அதாவது சுமார் 7,000 ரூபாய். சுங்கமும் கூரியரும் தனி.

விசையில் வித்தியாசம் 1 கிலோ-செ.மீ. மட்டும். விலையில் வித்தியாசம் 15 மடங்குக்கு மேல். அப்படியென்றால் அந்தப் பணம் வேகத்துக்குத்தான் போகிறது. வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் நொடிக்கு 11.1 மீட்டர் நகர்கிறது. சர்வோ 30 பாகை திரும்புவதற்குள் மலிவான மோட்டாரோடு 78 செ.மீ. ஓடிவிடும், விலை உயர்ந்ததோடு 44 செ.மீ. இடையில் இருக்கும் 33 செ.மீ. வண்டியின் அகலத்தைவிட அதிகம். பழைய முறை ரிசீவர் நொடிக்கு 50 தடவைதான் சர்வோவுக்கு ஆணை அனுப்பும். அந்த 20 மில்லிநொடி இடைவெளியிலேயே இன்னொரு 22 செ.மீ. போய்விடலாம். 7,000 ரூபாய் சர்வோவை 50 தடவை ரிசீவரோடு சேர்த்து ஓட்டுவது பாதிப் பணத்தைப் பெட்டியிலேயே விட்டுவைப்பது மாதிரி.

ஆனாலும் முதல் ரூபாய் சர்வோவுக்குப் போகக் கூடாது என்பதே என் முடிவு. வண்டி எடையில் 40 சதவீதம் முன்பக்கம் என்றால், ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிராம். அதைத் தரையில் நின்றபடி திருகுவதற்கு மொத்தம் 1 கிலோ-செ.மீ. அளவு விசை போதும். மேட்டில் தாவி விழும்போது அதைவிடப் பல மடங்கு தேவைப்படும். அதற்கும் 11 தாங்கும். தொல்லை கொடுப்பது ஆட்டம். ஸ்டீரிங் கையின் நீளம் 20 மி.மீ. என்று வையுங்கள். இணைப்புகளில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் சக்கரம் 2.9 பாகை தன் இஷ்டத்துக்கு அலையும். ஒரு மீட்டர் ஓடினால் 5 செ.மீ. விலகல். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் புஷ்களைக் கழற்றிவிட்டு 5×10×4 மி.மீ. பால் பேரிங் நான்கு போட்டால் ஒன்று 100 ரூபாய்க்குள், மொத்தம் 400 ரூபாய்க்குள் அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி போய்விடும்.

அதற்குப் பிறகுதான் டியூனிங். பக்கியின் இணைப்புக் கம்பியில் ஒரு முனையில் இடமரை, மறுமுனையில் வலமரை. மரையின் இடைவெளி 0.5 மி.மீ. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்குக் கம்பியின் நீளம் 1 மி.மீ. மாறுகிறது, சக்கரம் 2.9 பாகை திரும்புகிறது. சின்ன ஸ்பேனரை ஆறில் ஒரு சுற்று நகர்த்தினால் அரைப் பாகை. நேர்ப்பாதையில் வண்டி நிதானமாகப் போவதும் அலைபாய்வதும் இந்த அரைப் பாகையில்தான் இருக்கிறது. ஆட்டத்தை எடுக்காத வண்டியில் இதைச் செய்து பயனில்லை. 2.9 பாகை அலைகிற சக்கரத்துக்கு அரைப் பாகை திருத்தம் உறைக்காது.

வளைவில் உள்சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிச்சக்கரம் பெரிய வட்டம் போடும். எனவே இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக் கூடாது. மியூனிக்கில் வண்டி கட்டும் கைவினைஞர் லாங்கன்ஸ்பெர்கர் கண்டு, 1818இல் ஆக்கர்மன் என்பவர் பெயரில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற வடிவம் இதற்காகத்தான் வந்தது. அச்சிடைத் தூரம் 28 செ.மீ., சக்கரங்களின் இடைவெளி 21 செ.மீ. உள்ள பக்கி ஒரு மீட்டர் ஆரத்தில் திரும்பினால் உள்சக்கரத்துக்கு 17.4 பாகை, வெளிச்சக்கரத்துக்கு 14.2 பாகை வேண்டும். குதிரை வண்டிக்குச் செய்த ஏற்பாடு, இரண்டு நூற்றாண்டு கழித்து ஒன்றரைக் கிலோ பக்கியிலும் இருக்கிறது.

தேரில் அது இல்லை. சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழலும். அச்சு மட்டும் திரும்பாது. வெளிச்சக்கரம் எவ்வளவு அதிகம் ஓட வேண்டும் என்று பார்ப்போம். இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 12 அடி என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மூலையிலும் இடச்சக்கரம் 18.8 அடி கூடுதலாக ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு 75 அடி. அகலமாகத் திருப்பினாலும் ஒடுக்கமாகத் திருப்பினாலும் இந்த எண் மாறாது. தெருவின் நீளம் எவ்வளவு என்பதும் இதில் சேராது.

அடுத்தது உரசல். முன், பின் அச்சுகளுக்கு இடையே 12 அடி என்றால், 90 பாகை திரும்பும்போது ஒவ்வொரு சக்கரமும் சராசரியாகக் குறைந்தது 9.4 அடி பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தாக வேண்டும். 200 டன்னை நான்கு சக்கரங்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 50 டன். இரும்புக்கும் தரைக்கும் உராய்வு 0.3 என்று வைத்தால் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ள 15 டன் விசை, நான்குக்கும் 60 டன். நேர்த்தெருவில் உருட்டிக்கொண்டு போக, எடையில் 2 சதவீதம் என்று கொண்டாலும், 4 டன் இழுப்பு போதும். ஆள் ஒன்றுக்கு 20 கிலோ என்றால் அது 200 பேரின் வேலை. மூலையில் தேவைப்படும் 60 டன்னை வடத்தை இழுத்து மட்டும் கொண்டுவர முடியாது. அங்கே வேலை செய்வது முட்டுக்கட்டை.

சக்கரத்துக்கு ஓரடி முன்னால், முகத்தைத் தேருக்குக் காட்டியபடி பின்பக்கமாகவே நடக்கிறார் கட்டை போடுபவர். கட்டையின் ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியிருக்கும், பிடிக்க நீண்ட காம்பு இருக்கும். மேலே நிற்பவர் துண்டை அசைத்ததும் வலச்சக்கரத்தின் கீழ் கட்டை நுழைகிறது. அந்தச் சக்கரம் தயங்கி நிற்க, இடச்சக்கரம் முன்னேற, தேரின் முகம் ஒரு சாண் வலப்பக்கம் போகிறது. கட்டையின் ஓரத்தில் ஏறிய சக்கரம் சறுக்கி இறங்கும்போது இன்னும் கொஞ்சம். இப்படிச் சாண் சாணாகச் சேர்ந்ததுதான் 90 பாகை. கட்டை நுழைவதிலும் உருவுவதிலும் அரை நொடி தப்பினால் விரல்கள் 50 டன்னுக்கு அடியில். தேரோட்டத்தில் நான் மிக மதிப்பது இந்தக் கைகளைத்தான்.

திருவாரூரில் இந்தச் செலவைக் குறைக்கும் வேலை முன்பே தொடங்கியது. அங்கே ஓடும் ஆழித்தேர் 30 அடி மரத்தேர், 48 அடி மூங்கில் கட்டு, 12 அடி விமானம், 6 அடி கலசம் சேர்ந்து 96 அடி. அலங்காரத்தோடு சுமார் 300 டன். வடங்கள் நான்கு, ஒவ்வொன்றும் 425 அடி, ஆக 1,700 அடி. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. சக்கரம் 9 அடி விட்டம். ஒரு சுற்றுக்கு 28 அடி ஓடும். திருப்பத்தில் இரும்புத் தகடு விரித்து மசை தடவுகிறார்கள். உராய்வு 0.3இலிருந்து 0.1க்கு இறங்கினால், மகாரதத்தின் கணக்கில் சக்கரத்துக்கு 15 டன் என்று பார்த்தது 5 டன்னாகிறது. ஒரு தகடும் ஒரு டப்பா மசையும் செய்கிற வேலை இது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் நிலைக்கு வர ஒருகாலத்தில் நாட்கணக்கானது. இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபின் சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது. பக்கியைப் போலவே இங்கும் முதலில் அச்சு, சக்கரம், பிரேக். தள்ளும் பலம் பிறகு.

2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அதுவும் சாலைத் திருப்பத்தில்தான். திருப்பத்தின் கணக்கில் அகலத்தோடு உயரமும் சேர வேண்டும்.

திருவண்ணாமலை மகாரதத்தை 2024இல் சீரமைத்தார்கள். செலவு சுமார் 70 லட்சம் ரூபாய். நவம்பர் 8 அன்று வெள்ளோட்டம் நடந்தது. 200 டன்னுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 35 ரூபாய். பக்கியின் ஸ்டீரிங்குக்கு 7,400 ரூபாய் போட்டவர் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 4,900 ரூபாய் செலவழித்திருக்கிறார்.

ஒரு வேலை இன்னும் மிச்சம். எப்போதும் வலப்பக்கமே திரும்புவதால் இடச்சக்கரங்கள் அதிகம் ஓடுகின்றன. வலச்சக்கரங்கள் கட்டையில் அதிகம் அடிபடுகின்றன. எது முன்னால் தேய்கிறது என்பதை யூகிக்க முடியாது, அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் தேர் நிலைக்கு வந்ததும் நான்கு சக்கரங்களின் சுற்றளவையும் அச்சு நுனியின் ஆட்டத்தையும் டேப் வைத்து அளந்து, தேதியோடு எழுதி, தேரடியில் ஒரு பலகையில் ஒட்டலாம். ஐந்து தேருக்கும் தலா நான்கு சக்கரம் என்றாலும் 20 சக்கரங்கள். இரண்டு பேருக்கு அரை நாள் வேலை.