களரியும் கல்லூரியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் கரைகளுக்குப் பெயராயின. படுவான்கரையிலே, போரதீவுப்பற்றில் அமைந்துள்ள ஊர்களுள் ஒன்று பழுகாமம். வயலும் வாவியும் சூழ்ந்த அவ்வூர், திரௌபதை அம்மன் கோயிலாலும் அங்கு நிகழும் தீமிதிப்பாலும் பெயர் பெற்றது. பாரதக் கதை அப்பகுதி மக்களுக்கு ஏட்டிலே உறங்கும் கதையன்று; வழிபாட்டிலும் கூத்திலும் வாழுகின்ற கதை.

அக்கதையைக் கூத்தாக ஆடுவோர் பகலிலே வயலில் உழைப்பவர்கள். வாவியிலே வலை வீசுபவர்கள். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்களும் அவர்களுள் உண்டு. ஆயினும் களரியில் ஏறிவிட்டால், இரவு தொடங்கி விடியும் வரை நிகழும் கூத்திலே, தத்தமக்குரிய பாட்டையும் வசனத்தையும் தாளத்தையும் ஆட்டத்தையும் அவர்கள் தவறாது நிகழ்த்துவார்கள். கையிலே தாள் இராது. இத்துணைப் பெரிய பகுதியை அவர்கள் எவ்வாறு மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள்? பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு, நான்காண்டு பயிலும் மாணவன், பரீட்சை முடிந்த மறுமாதமே படித்தவற்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறானே, அஃது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதை உளவியல் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

மறதிக்குக் காரணம் கருவிகளே என்று கூறுவோர் இன்று பலர். கைத்தொலைபேசியும் கணினியும் வந்தபின் மனிதனின் ஞாபகசக்தி குன்றிவிட்டது என்பது அவர்கள் முறைப்பாடு. இம்முறைப்பாடு மிகப் பழையது. கிரேக்க ஞானி பிளேட்டோ தாம் இயற்றிய உரையாடல் ஒன்றில் ஒரு கதை சொல்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த எகிப்தியத் தெய்வம் அதனை அரசனிடம் கொண்டுசென்று, நினைவுக்கு இது மருந்து எனப் புகழ்ந்ததாம். அரசனோ, மக்கள் எழுத்தை நம்பி உள்ளத்தைப் பயிற்றாது விடுவர், ஆதலால் இதனால் மறதியே வளரும் என்று மறுத்தானாம். தமிழ் நாட்டிலும் ஈழத்திலும், ஏட்டுச்சுவடிகள் அரியனவாய் இருந்த காலத்தில், மாணாக்கர் நூல்களை நெட்டுருச் செய்தே பயின்றனர். ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவிய பின்னர் பாடநூல் மாணவர் கைக்கு எளிதில் வந்தது. நெட்டுருவின் தேவை குறைந்தது, கல்வியோ பரவியது. ஆகவே, நினைவின் ஒரு பகுதியை மனத்துக்கு வெளியே வைப்பதனால் மட்டும் கல்வி கெட்டுவிடாது. கெடுவது எப்போது என்பதே ஆராயவேண்டிய வினாவாகும்.

நினைவைப் பரிசோதனை மூலம் முதன்முதல் அளந்தவர் ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைக் கோத்து, அவற்றைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்பதை அவர் கணக்கிட்டார். 1885 இல் வெளிவந்த அவரது நூல் தெரிவிப்பது யாதெனில், மறதி தொடக்கத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதாம். முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அதன் பின் எஞ்சியது நாட்கணக்கில் சிறிது சிறிதாகத் தேய்கிறது. மறதி சோம்பேறிகளுக்கு மட்டும் உரிய குறையன்று என்பதும், மனித மனத்தின் இயற்கையே அதுதான் என்பதும் இதனாற் பெறப்படும்.

இவ்வியற்கையை வெல்லும் வழி யாது? மீண்டும் மீண்டும் படிப்பதே என்று பெரும்பாலோர் விடை கூறுவர். அமெரிக்காவில் செயின்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் உளவியற் பேராசிரியர் ஹென்றி ரோடிகர் இவ்விடையை ஐயுற்றார். அவரும் ஜெப்ரி கார்பிக்கி என்பாரும் நிகழ்த்திய பரிசோதனை 2006 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஞாயிற்றைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் எழுதப்பட்ட இரு சிறு பகுதிகளை அவர்கள் மாணவர்களுக்குக் கொடுத்தனர். ஒரு பகுதியை மாணவர்கள் இரண்டாம் முறையும் படித்தார்கள். மற்றப் பகுதியை ஒருமுறை படித்தபின் மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்றவற்றைத் தாளில் எழுதினார்கள். பிழை திருத்தம் எதுவும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்த பகுதியில் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்த பகுதியில் 75 பங்கும் நினைவில் இருந்தன. மீண்டும் படித்தலே வென்றது. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடமோ நிலைமை தலைகீழாயிற்று. படித்த பகுதியில் 42 பங்கும், எழுதிப் பார்த்த பகுதியில் 56 பங்கும் எஞ்சின. மற்றொரு பரிசோதனையில் ஒரு பிரிவினர் நான்கு வேளையும் படித்துக்கொண்டே இருந்தனர்; ஏறக்குறைய பதினான்கு முறை அவர்கள் அப்பகுதியை ஓதி முடித்தனர். வேறொரு பிரிவினர் முதல் வேளையில் மட்டும் மூன்று நான்கு முறை படித்துவிட்டு, எஞ்சிய மூன்று வேளையும் நினைவிலிருந்து எழுதினர். வாரம் ஒன்று சென்றபின் முன்னவரிடம் 40 பங்கும் பின்னவரிடம் 61 பங்கும் நின்றன.

இதிலே இன்னும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. எவ்வளவு நினைவில் நிற்கும் என்று பரிசோதனையின்போதே மாணவர்களிடம் கேட்டனர். மிகுந்த நம்பிக்கையோடு விடையளித்தவர்கள், படித்துக்கொண்டே இருந்தவர்கள். பழகிய வரி கண்ணுக்கு எளிதாகத் தோன்றுகிறது. அவ்வெளிமையை மனம் அறிவு என்று கருதி ஏமாறுகிறது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லத் தடுமாறுபவன் தான் ஒன்றும் அறியாதவன் என்று எண்ணுகிறான். ஆனால் அத்தடுமாற்றமே அவனது நினைவை உறுதிப்படுத்துகிறது.

இனி, படுவான்கரைக் களரியை நோக்குவோம். கூத்துப் பழகுவதற்கு ஊரார் கூடி முடிவு செய்தபின், அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் தோற்றத்தையும் ஆராய்ந்து பாத்திரங்களை வகுத்து, அவரவர் பாடவேண்டிய பகுதியை எழுத்தில் வழங்குவார். இதனைச் சட்டம் கொடுத்தல் என்பர். சட்டம் கைக்கு வந்துவிட்டது என்பதனால் கூத்து வந்துவிடுவதில்லை. இரவுதோறும் களரியிலே சட்டத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாடியும் ஆடியும் காட்டவேண்டும். பிழைத்தால் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்துவார், மீண்டும் தொடங்கவேண்டும். இடைவெளிவிட்டு வாரந்தோறும் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்தல் என்னும் முழு ஒத்திகையையும் முடித்த பின்னரே அரங்கேற்றம் நிகழும். பல மாதங்கள் இவ்வாறு செல்லும்.

இம்முறையில் உள்ள கூறுகள் மூன்று. முதலாவது, பார்த்துப் படித்தல் குறைவு, பாராமல் நிகழ்த்துதல் மிகுதி. இரண்டாவது, பயிற்சி ஒரே நாளில் குவியாமல் பல நாட்களுக்குப் பரந்து கிடக்கிறது. மூன்றாவது, பிழை அவ்விடத்திலேயே திருத்தப்படுகிறது. பரிசோதனைக் கூடம் காணாத அண்ணாவிமார் அனுபவத்தினாற் கண்ட இம்மூன்றையும், நினைவை வளர்க்கும் வழிகளாக இன்றைய உளவியலாளரும் எடுத்துரைக்கின்றனர்.

நம் இலக்கண ஆசிரியரும் இதனை அறியாதவரல்லர். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்து ஒரு கணக்குத் தருகிறார். ஆசிரியர் உரைப்பதை நன்றாகக் கேட்டுக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கு புலமையே. உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதாற் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும் தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். இன்றைய கல்லூரி விரிவுரையில் மாணவன் பெறுவது பெரும்பாலும் முதற் காற்பங்கு மட்டுமே.

இனிக் கருவிகளின் செய்திக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் பெற்சி ஸ்பாரோவும் அவரது குழுவினரும் 2011 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சிலர் சிறு சிறு செய்திகளைக் கணினியில் பதித்தனர். தாம் பதித்தது கணினியிலே சேமிக்கப்படும் என்று நம்பியவர்களைவிட, அழிந்துவிடும் என்று நம்பியவர்கள் அவற்றை நன்கு நினைவுகூர்ந்தனர். எங்கோ பத்திரமாக உள்ளது என்ற எண்ணம் மனத்தின் முயற்சியைத் தளர்த்திவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. 2014 இல் பாம் முல்லரும் டானியல் ஒப்பன்ஹைமரும், விரிவுரையைக் கையால் எழுதியவர்கள் கணினியில் எழுதியவர்களைவிடக் கருத்து வினாக்களுக்கு நன்றாக விடையளித்தனர் என்று அறிவித்தனர். கணினியில் எழுதுவோர் விரைவு மிகுதியால் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்தனர். கையால் எழுதுவோர் சுருக்கவேண்டியிருந்ததால் சிந்திக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் 2019 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் இதனை மறுபடி சோதித்தவர்கள் அத்துணைத் தெளிவான வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே, கணினி தீது, பேனா நன்று என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பதற்கில்லை.

தீர்ப்பு வேறிடத்தில் உள்ளது. மனம் முயல்வதற்கு முன்னர் கருவி விடை தந்துவிட்டால், முயற்சியும் இல்லை, பதிவும் இல்லை. மனம் முயன்ற பின்னர் கருவி வந்து சரிபார்த்தால், அதுவே சிறந்த துணை. வினாவை எழுதியவுடன் கட்டுரையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். களரியிலும் எழுத்து ஒதுக்கப்படவில்லை. கூத்து நடக்கும்போது கொப்பி பார்ப்பவர் ஒருவர் அருகில் நின்று, கூத்தர் மறந்த இடத்தில் அடியெடுத்துக் கொடுப்பார். கூத்தர் பாடத் தொடங்கு முன்னர் அவர் குரல் எழுவதில்லை. கொப்பிக்கு உரிய இடத்தை அக்கலைஞர்கள் நன்கு வரையறுத்துள்ளனர்.

தேடினாற் கிடைக்கும் செய்தியை மனத்தில் ஏன் சுமக்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான வினாவே. சதுரங்க ஆட்டத்தை வைத்து வில்லியம் சேஸ், ஹேர்பேட் சைமன் என்னும் இருவர் 1973 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. உண்மையான ஆட்டத்தின் இடைநிலை ஒன்றைச் சில விநாடிகள் காட்டினால், வல்லவர் காய்களின் இடத்தைப் பெரும்பாலும் சரியாக அமைத்துக் காட்டுவார், புதியவரால் இயலாது. காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினாலோ, வல்லவரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிடுவர். வல்லவருக்கு உதவியது அவர் மனத்தில் முன்னரே நிறைந்திருந்த ஆட்ட அமைப்புகள். மனத்திலே உள்ள அறிவுதான் புதிய அறிவைப் பற்றிக்கொள்ளும் கொளுகொம்பு. அது இல்லாதவனுக்கு எதைத் தேடவேண்டும் என்பதும் தெரியாது; கிடைத்தது மெய்யா பொய்யா என்பதும் விளங்காது.

மறுபுறம், மனத்தை மட்டும் நம்புவதும் ஆபத்தே. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932 இல் வெளியிட்ட நூலில், வேற்று நாட்டுக் கதையொன்றை நினைவிலிருந்து திரும்பச் சொன்னவர்கள், தமக்குப் பழக்கமான முறைக்கு ஏற்ப அதனைத் தம்மை அறியாமலே மாற்றிவிட்டதைக் காட்டினார். நினைவு கல்வெட்டைப் போன்றதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. ஆதலின் முயன்று சொன்னதை ஏட்டோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது.

கல்லூரி ஆசிரியர் இவற்றால் அறியத்தக்கது யாது? 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிலையம் வந்தாறுமூலையில் உள்ளது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து அத்தகைய நிலையங்களுக்குச் செல்லும் படுவான்கரை இளைஞருள், தம் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகப் படி மிதிப்பவரும் உண்டு. அத்தகைய மாணவன் குறிப்புகளை இரவிரவாகப் பலமுறை படிக்கிறான். தெரிந்துவிட்டது என்று நம்புகிறான். பரீட்சை மண்டபத்தில் வெறுமையைக் காண்கிறான். பின்னர் தன் மூளையையே பழிக்கிறான். வீட்டாரும், இவனுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவனுடைய தந்தையோ பாட்டனோ ஒரு முழு இரவுக் கூத்தை மனத்தில் தாங்கியவராக இருக்கலாம். குறை மூளையில் இல்லை. பயின்ற முறையிலேயே உள்ளது. இதனை ஒருவரும் அவனுக்கு எடுத்துச் சொல்லாமையே கொடுமை.

இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. விரிவுரையின் இறுதி ஐந்து நிமிடத்தில் கொப்பிகளை மூடச்செய்து, கேட்டவற்றுள் முக்கியமான மூன்றை எழுதுமாறு பணிக்கலாம். அதற்குப் புள்ளி வழங்கவேண்டியதில்லை. அச்சமின்றி முயல்வதே வேண்டப்படுவது. பின்னர் கொப்பியைத் திறந்து தாமே திருத்திக்கொள்ளட்டும். சென்ற வாரப் பாடத்திலிருந்தும் சென்ற மாதப் பாடத்திலிருந்தும் இரண்டொரு வினாக்களை இடையிடையே கேட்கலாம். மாணவர் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் மற்றவருக்குப் பாடத்தை விளக்கட்டும். பதிவு செய்த விரிவுரையை, முதலில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தபின் கேட்கட்டும். நாள் இடைவெளிவிட்டு வினாத் தொடுக்கும் கணினி நிரல்களையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

களரியும் கல்லூரியும் ஒன்றையொன்று அறியாதவையல்ல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962 இல் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசனையும் மேடையேற்றியபோது, மட்டக்களப்புக் கூத்து பல்கலைக்கழகத்துக்குள் புகுந்தது. அன்று கல்லூரி களரியிடமிருந்து ஆட்டத்தையும் பாட்டையும் பெற்றது. இன்று அது பெற்றுக்கொள்ளத்தக்க மற்றொன்று, சட்டத்தைக் கையில் கொடுத்தபின் அதைக் கீழே வைக்கச்சொல்லிப் பாடக் கேட்கும் அண்ணாவியாரின் பயிற்றுமுறையாகும்.