விசா மறுத்தார்கள், சபையே கிளம்பியது
உங்களுக்குத் தெரியுமா?

ஒருவருக்கு விசா கிடைக்கவில்லை என்பதற்காக ஐ.நா. பொதுச்சபையே கடல் கடந்து போயிருக்கிறது! 1988 நவம்பர் 15-ல் அல்ஜியர்ஸில் பாலஸ்தீன சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அராபத். எழுதிக் கொடுத்தவர் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ். அடுத்து அராபத் நியூயார்க்கில் பொதுச்சபையில் பேச வேண்டும்; அமெரிக்கா விசா தர மறுத்தது. 'நீங்கள் வர முடியாவிட்டால் என்ன, நாங்கள் வருகிறோம்' என்பதுபோல 154 நாடுகள் வாக்களித்து, கூட்டத்தை ஜெனீவாவுக்கு மாற்றின. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. டிசம்பர் 13-ல், தலையில் வழக்கமான கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட துணியோடு அராபத் மேடையேறினார். இரண்டே நாளில் ஐ.நா. ஏடுகளில் 'பாலஸ்தீன விடுதலை இயக்கம்' போய், 'பாலஸ்தீனம்' என்ற பெயர் ஏறியது. பெயர் மட்டும்தான், பொதுச்சபையில் ஓட்டுரிமை இன்னும் வரவில்லை.