பெல் துரையும் சட்டாம்பிள்ளையும்

சென்ற கோடை விடுமுறையை யாம் எம் ஊராகிய கடமலைக்குண்டிற் கழித்தபோது, தெருப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பு எதிர்பாராத வகையில் எம் தலைமேல் வந்து விழுந்தது. கல்லூரியிற் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் வாராமலா போகும் என்பது எம்மூரார் கணக்கு. யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர், எமக்கே அம்மொழியில் நா எழுவது அரிது என்று சொல்லிப் பார்த்தோம். அதனை அவர்கள் அடக்கம் என்று கொண்டனர். உண்மை யாதெனில், எம் இளமையில் யாம் படித்த பள்ளியொன்றில் ஆங்கில பாடம் என்பது கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதுவதோடு முடிந்தது. ஒரு வாக்கியத்தைப் பிறர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லும் துணிவு எமக்கு இன்னும் முழுதும் வந்திலது. இக்குறை எம்மோடு ஒழியட்டும், இப்பிள்ளைகளுக்கு வேண்டா என்னும் எண்ணமே எம்மை இசைவித்தது.

மாலை ஐந்து மணிக்கு எம் வீட்டுத் திண்ணையில் 14 பிள்ளைகள் கூடினர். அஃது இலவம்பஞ்சுக் காலம். வருஷநாட்டு மலைச்சரிவிலுள்ள தோட்டங்களிற் காய் பறிக்கவும் களங்களிற் பஞ்சு பிரிக்கவும் பெற்றோர் சென்றுவிடுவராதலின், பிள்ளைகளும் உடன் சென்று, தலைமயிரிற் பஞ்சு ஒட்டியபடியே வந்து அமர்வர். யாம் ஒரு பலகையைச் சுவரிற் சாய்த்து, ஆங்கில எழுத்துக்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லி, “சொல்லுங்கள்” என்றோம். முன்னிருந்த இருவர் முணுமுணுத்தனர். ஏனையோர் எம் முகத்தையே பார்த்திருந்தனர். ஒரு சிறுவனைத் தனியே எழுப்பிக் கேட்டோம். அவன் கண்ணீர் வடித்தான். ஐந்தாம் நாள் 14 பேர் 6 பேராயினர்.

இதனை நாள்தோறும் வேடிக்கை பார்த்துவந்த எதிர்வீட்டுப் பாட்டியார் அன்று மாலை எம்மை அழைத்து, “ஏய்யா, நீ நின்னுக்கிட்டு அதட்டிக் கேட்டா அதுக பயப்படாம என்ன செய்யும்? பெரிய புள்ளையா ஒண்ணப் பாத்துச் சொல்லிக் குடுக்கச் சொல்லு. எங்க அண்ணன் காலத்துல சட்டாம்பிள்ளைதான் எல்லாம். மணல்ல எழுதுவாக, அழிப்பாக” என்றார். யாம் அதட்டியதாக எமக்கு நினைவில்லை; எனினும் பாட்டியார் சொல்லைத் தட்டவில்லை. மறுநாள் மூல வைகையிலிருந்து நான்கு முறம் மணல் அள்ளிவந்து திண்ணையிற் பரப்பினோம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைச் சட்டாம்பிள்ளை ஆக்கினோம். அவள் ஓர் எழுத்தை விரலால் எழுதி, அதன் ஒலியைச் சொல்லி, பக்கத்திலுள்ளவன் கையைப் பிடித்து எழுதுவித்தாள். தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவல். தவறு இருந்த இடமே தெரியாது. பத்து நாட்களில் 14 பேரும் திரும்பினர். அயல்தெருவிலிருந்து மூவர் கூடவும் வந்தனர்.

நிற்க. கல்லூரிக்குத் திரும்பியபின் இச்செய்தியை எம் ஆசிரியர் ஒருவரிடம் கூறினோம். அவர் நகைத்து, “எழும்பூரில் ஒரு துரை இதனைக் கண்டு சீமைக்கே கொண்டுபோனாரே, அறியீரோ?” என்றார். அறியோம். அதன்பின் நூல்நிலையத்தில் யாம் தேடிப் படித்தவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஆண்ட்ரூ பெல் என்பார் 1753ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் முடிதிருத்துவார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 21ஆம் வயதிற் கப்பலேறி அமெரிக்காவின் வர்ஜீனியாவை அடைந்து, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்து, 1781இல் ஊர் திரும்பினார். பின்னர்க் குருப்பட்டம் பெற்று 1787இற் சென்னைக்கு வந்து சேர்ந்தார். இங்குப் படைகளுக்குரிய குருப்பணிகள் பலவற்றை ஒருங்கே ஏற்று அவர் பெரும்பொருள் ஈட்டினார் என்பதையும் மறைத்தற்கில்லை. ஆயினும், 1789இல் எழும்பூரில் ஏற்பட்ட படைவீரர் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஒப்புக்கொண்டபோது, அதற்குரிய சம்பளத்தை வேண்டா என்று விலக்கினார்.

அவ்விடுதியிற் சேர்ந்தவர் ஐரோப்பியப் படைவீரர்க்கு இந்நாட்டுத் தாய்மார் வயிற்றிற் பிறந்து ஆதரவற்றுப்போன சிறுவர். தாய் பேசியது ஒன்று, தந்தை பேசியது மற்றொன்று. இருபாலாரும் அவரைத் தாழ்வாக எண்ணிய காலம் அது. அவருக்கு ஆங்கிலம் எழுதவும் படிக்கவும் கற்பிக்க அமர்த்தப்பட்ட உபாத்தியாயர்களோ, எழுத்து வரிசையைக் கற்பிப்பதற்கே பல மாதங்களைப் போக்கினர். பெல் துரை புதுமுறை எதனைச் சொன்னாலும், “இஃது ஆகாது” என்பதே அவர்தம் விடையாயிற்று.

ஒருநாட் காலை அவர் குதிரைமேற் சென்றபோது, வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கண்டார். மலபார் என்றதும் வாசகர் மேற்குக் கடற்கரையை நினையற்க; அக்காலத்து ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் அப்பெயராலேயே வழங்கினர். அப்பள்ளியிற் பிள்ளைகள் தரையில் அமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்துகொண்டிருந்தனர். நம்மவர்க்கு அஃது ஒரு காட்சியன்று, அவருக்கோ புதையல். ‘கண்டுகொண்டேன்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கூவிக்கொண்டே குதிரையைத் திருப்பினார் என்று அவர் வரலாறு கூறுகின்றது.

விடுதிக்கு வந்ததும், கடைவகுப்புப் பிள்ளைகளை மணலில் எழுதுவிக்குமாறு அவ்வகுப்பு உபாத்தியாயருக்குக் கட்டளையிட்டார். அவ்வுபாத்தியாயர் அது நடவாது என்றார். சொல்லிச் சொல்லிப் பார்த்துச் சலித்த துரை, ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். அவன் ஒரு சாமானியப் படைவீரனின் மகன். பெரியவரால் ஆகாதென்று கைவிடப்பட்டது அப்பாலனால் ஆயிற்று. சில ஆண்டுகளிற் கீழ்வகுப்புகள் பலவும் அவன் பார்வையில் வந்தன. தன்னினும் சிறியரைத் துணைக்கொண்டு அவற்றை அவன் நடத்தினான். ஏறக்குறைய 200 சிறுவர் பயின்ற அவ்விடுதி முழுதும் நாளடைவிற் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பள்ளியாக மாறிற்று.

இம்முறையில் எம் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொன்று. குற்றம் செய்த பிள்ளையைப் பிரம்பால் அடிப்பதைப் பெல் துரை கூடியவரை ஒழித்தார். குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்திற் பதியப்பெறும். வாரத்திற்கு ஒருமுறை அதனைத் திறந்து, உடன்பயிலும் சிறுவரே நடுவராயிருந்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்வர். நம் பழைய திண்ணைப் பள்ளிகளிற் கோதண்டம் முதலிய தண்டனைகள் இருந்தன என்று கேட்டிருக்கின்றோம். ஆதலால் அவர் நம்மிடம் கண்ட யாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார் என்பதும் பொருந்தாது. மணலையும் சட்டாம்பிள்ளையையும் கொண்டார், பிரம்பைத் தள்ளினார்.

அப்பிள்ளைகளின் தேர்ச்சிக்கு ஒரு சான்று சொல்வோம். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிணையாக வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்கள் இருவரை 1794இல் டவ்டன் என்னும் தளகர்த்தர் மைசூர் நாட்டுக்குத் திரும்ப அழைத்துச் சென்றார். அவரோடு எழும்பூர் விடுதி மாணவனான வில்லியம் ஸ்மித் என்பானும் சென்று, சுல்தான் திருமுன்னர் இயற்கை விஞ்ஞானக் கருவிகளை இயக்கிக் காட்டினான். அநாதை விடுதிப் பிள்ளை ஒருவன் அரசன் முன் நின்று விளக்கமுரைத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், எம் திண்ணையிற் கண்ணீர் வடித்த சிறுவனே எம் நினைவுக்கு வருகின்றான்.

1796இற் பெல் துரை இந்நாட்டை விட்டு நீங்கினார். மறு ஆண்டு லண்டனில் எழும்பூர்ச் சோதனையைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். ஜோசப் லாங்கஸ்டர் என்னும் மற்றோர் இளைஞர் 1798இல் லண்டன் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியொன்று திறந்து, இதனையொத்த முறையைக் கையாண்டார். இருவரில் யார் முன்னவர் என்று இரு கட்சியார் நெடுங்காலம் வழக்காடினர். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த தேசிய சங்கம் நிறுவப்பெற்று, ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு அந்நாட்டுப் பள்ளிகளில் இதனைப் பரப்பிற்று. பெல் துரை 1832இற் காலமானார். அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் விட்டுச்சென்ற பொருளால் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு மதராஸ் கல்லூரி என்று பெயர்; அப்பெயரோடே அஃது இன்றும் நடைபெறுகின்றது. ஸ்காட்லாந்துப் பிள்ளை ஒருவன் மதராஸில் படிக்கிறேன் என்று சொன்னால் அதில் பொய்யில்லை.

எழும்பூர் உபாத்தியாயர் பெயரும் லாங்கஸ்டர் பெயரும் பற்றி வழக்காடியோர், குதிரை நின்ற இடத்திலிருந்த அத்தமிழ் ஆசிரியரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிலர். அவர் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. இம்முறையோ அவருக்கும் மிக முற்பட்டது. பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலிய யாத்திரிகர் 1623இற் கன்னட நாட்டில் நான்கு சிறுவர் ஆசிரியர் இல்லாமலே அமர்ந்து, கணக்கை இசையோடு சொல்லி, விரலால் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு குறித்திருக்கின்றார். பெல் துரைக்கு 160 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே 1814ஆம் ஆண்டுக் கடிதமொன்றில், இந்திய உபாத்தியாயர் பண்டுதொட்டு வழங்கிவரும் முறையைப் பெல் துரை வாயிலாக இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது என்று ஒப்புக்கொண்டனர். பின்னர்த் தாமஸ் மன்றோ கவர்னராயிருந்து 1822இல் தொடங்குவித்த கணக்கெடுப்பிற் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. அத்துணைப் பள்ளிகளிலும் எத்தனை ஃபிரிஸ்கென்கள் இருந்திருப்பர் என்பதை யார் எண்ணினார்?

இம்முறையிற் குறையே இல்லையென்று சொல்ல யாம் துணியோம். இங்கிலாந்தில் இதனைப் பெரிதும் விரும்பியவர், ஒரே ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடக்கலாம் என்னும் சிக்கனம் பற்றியே விரும்பினர். பெருங்கூடங்களிற் பிள்ளைகள் பொருளறியாமல் ஒப்பிக்கலாயினர். 1846இல் அந்நாட்டரசு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்க்கு உதவித்தொகை தரத் தொடங்கியபின் மதராஸ் முறை மெல்ல மறைந்தது. எழும்பூரில் உயிரோடிருந்தது லண்டனில் இயந்திரமாயிற்று என்பது எம் கருத்து.

அயல்நாட்டு இளைஞர் கடல் கடந்து சென்று பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வழக்கம் பெல் துரையோடு முடியவில்லை. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியார், 1900ஆம் ஆண்டுக் கலகத்திற் சீன தேசத்து ஷான்சி மாகாணத்தில் உயிரிழந்த தம் கல்லூரியாரின் நினைவாக 1908இல் ஒரு சங்கம் அமைத்தனர். அக்கல்லூரியிற் பயின்ற குங் சியாங்சி என்னும் சீனர் தாய்கு நகரில் நடத்திய பள்ளிக்கு, 1918 முதல் இளம் பட்டதாரிகளை ஆங்கில ஆசிரியராக அச்சங்கம் அனுப்பிற்று. 1937இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பள்ளி தாய்குவை விட்டுப் பெயர்ந்து மேற்கே சிச்சுவான் மாகாணம் வரை சென்றது. சீனத்தில் ஆட்சி மாறி அங்குப் பணி நின்றபின், 1950களில் அச்சங்கம் நம் மதுரைக்கும் இளைஞரை அனுப்பலாயிற்று. இருபத்திரண்டு வயதில், வகுப்புப் பிள்ளைகளின் மொழியில் ஒரு சொல்லும் அறியாமல், அவர் முன் சென்று நிற்பது எத்தகையது என்பதை முன்பெல்லாம் யாம் நினைத்ததில்லை. இப்போது ஒருவாறு அறிவோம். பிறந்த தெருவில், சொந்தத் திண்ணையில், பலகையருகே நின்ற முதல் ஐந்து நாட்களும் யாம் அப்பிள்ளைகளுக்கு அயல்நாட்டாரே.

சட்டாம்பிள்ளைச் சிறுமியைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். எழுத்துக்கள் முடிந்து சொற்களுக்கு வந்தபோது, யாம் ஒரு பாடப் புத்தகத்திலிருந்து ஆப்பிள் முதலிய சொற்களைக் கொடுத்தோம். இரண்டு நாட்கள் அவற்றைச் சொல்லிக்கொடுத்தவள், மூன்றாம் நாள் எம்மிடம் வந்து, “அண்ணே, இதெல்லாம் நம்ம ஊர்ல இல்லையே. தென்னைக்கு என்ன, ஆத்துக்கு என்ன, இலவம்பஞ்சுக்கு என்னன்னு சொல்லுங்க. அதைச் சொன்னா இதுக உடனே பிடிச்சுக்கிரும்” என்றாள். தென்னைக்கும் ஆற்றுக்கும் சொன்னோம். இலவம்பஞ்சுக்கு எமக்குச் சொல் தெரியவில்லை. தெரியாது என்று அவளிடம் சொல்ல எமக்குச் சற்று நாணமாயிருந்தது. அவளுக்கோ அதனால் ஒரு குறையும் தோன்றவில்லை. “நாளைக்குப் பாத்துட்டு வாங்க” என்று எமக்கே பாடம் இட்டுவிட்டுப் போனாள்.

அகராதியிற் பார்த்தோம். ‘கப்போக்’ என்று இருந்தது. ஆங்கிலேயர் அச்சொல்லை மலாய் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டனராம். மறுநாள் இதனைச் சொன்னபோது, அவள், “அப்ப அவுகளும் இரவல்தானா?” என்று கேட்டுச் சிரித்தாள். பின்னர் மணலை நிரவி, ஐந்து எழுத்துக்களையும் பெரிதாக எழுதி, பதினாறு பிள்ளைகளையும் சுற்றி நிறுத்திச் சொல்லச் சொன்னாள். முதல் வாரத்திற் கண்ணீர் வடித்த சிறுவன் தன் தலையிலிருந்த பஞ்சை எடுத்து அவ்வெழுத்துக்களின்மேல் வைத்து, மற்றவரினும் உரக்க, “கப்போக்” என்றான்.