முதல் மோட்டார்ச் சைக்கிளும் அடுத்ததும்

முதல் மோட்டார்ச் சைக்கிள் வீட்டு முற்றத்திற்கு வந்து சேரும் நாள் அக்குடும்பத்துக்கு ஒரு விழா நாளே. சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழத்தைச் சில்லின்கீழ் வைத்து நசுக்கி, கோயில் வீதியில் ஒரு முறை ஓட்டிய பின்னரே அது பிற காரியங்களுக்குப் புறப்படும். தாயின் காப்பு அடைவு வைக்கப்பட்டிருக்கலாம். கடல் கடந்து வாழும் தமையனின் பணம் வந்திருக்கலாம். மாதத் தவணையும் தலைமேல் இருக்கலாம். அடுத்த கிழமையே இளைஞன் நாடிச் செல்லும் இடம் உதிரிப்பாகக் கடை. அங்கே நீலமும் சிவப்பும் மினுங்கும் விளக்குகளும், முழங்குகின்ற புகைக்குழாய்களும், அகன்ற ரயர்களும், ஒட்டுப் படங்களும் கண்ணைப் பறிக்கின்றன. கையில் எஞ்சியுள்ள பணமோ சிறிது. அப்பணத்தை எதற்குச் செலவிடுவது, எதற்குச் செலவிடாது விடுவது, அவ்வண்டியையே விட்டு வேறொன்றுக்கு மாறுவது எப்போது என்னும் வினாக்கள் அழகு பற்றியவை போலத் தோன்றினும் உண்மையில் உயிர் பற்றியவையே.

வண்டிக்கென வாங்கும் முதற் பொருள் வண்டியிற் பூட்டுவதன்று, தலையில் அணிவது. இதன் வரலாறு சிறிது அறியத்தக்கது. முதலாம் உலகப் போரில் அரேபியப் பாலைநிலத்திற் பெயர் பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் என்பார், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலே தம் மோட்டார்ச் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தபோது, துவிச்சக்கர வண்டிகளில் வந்த இரு சிறுவர்களை விலக்க முயன்று தூக்கியெறியப்பட்டார். அவர் தலையிற் கவசம் இருக்கவில்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து உயிர் நீத்தார். அவரைப் பார்வையிட்ட மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர் அச்சாவை மறந்தாரல்லர். மோட்டார்ச் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை வற்புறுத்தி, 1941இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையிற் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரித்தானிய இராணுவம் தன் தூதுவர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஆயின் அந்நாட்டின் பொதுமக்களுக்கு அச்சட்டம் வருவதற்கு 1973ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2008இல் வெளிவந்த மதிப்பீடொன்று, தலைக்கவசம் இறப்பு ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கின்றதெனக் கண்டது.

கவசத்தின் வெளியோடு அடியைப் பரப்புகின்றது. உள்ளேயிருக்கும் நுரைப்படை, நம் ஊர்களில் ரெஜிபோம் என வழங்கும் பொருளின் இனத்தது, தான் நசுங்கி அவ்வடியின் வேகத்தை விழுங்குகின்றது. ஒரு முறை நசுங்கிய நுரை மீண்டும் எழுவதில்லை. ஆகவே பலமான அடி ஒன்றைத் தாங்கிய கவசம், வெளியே கீறல் இல்லாதிருப்பினும், தன் கடமையை முடித்துவிட்டது. பிறர் அணிந்து கழித்ததைக் குறைந்த விலைக்கு வாங்குதல் ஆகாது என்பதற்குக் காரணம் இதுவே. வாங்கும்போது தர முத்திரை உண்டாவென்று பார்த்தல் வேண்டும். அணிந்தால் இரு கன்னங்களையும் சற்று அழுத்தவேண்டும். தலையை அசைத்தால் கவசமும் கூடவே அசையவேண்டும். நாடிப் பட்டி பூட்டப்படாத கவசம் விழும்போது முதலிற் பறந்து போவதாகும். பொலிசாரைக் கண்டவுடன் முழங்கையிலிருந்து தலைக்கு ஏறும் கவசத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தந்தை கவசம் அணிந்திருக்க, முன்னே தாங்கியில் அமர்ந்த பிள்ளை வெறுந்தலையோடு பாடசாலைக்குச் செல்லுங் காட்சி இன்னும் நம் வீதிகளில் அரிதன்று. இரண்டாவது கவசத்துக்குரிய பணம், எந்த அலங்கார விளக்குக்கும் முன்னதாக ஒதுக்கப்படவேண்டிய பணம்.

விழுபவன் முதலில் நிலத்தில் ஊன்றுவது உள்ளங்கையை. ஆதலின் தடித்த கையுறை ஒரு சோடியும், கணுக்காலை மூடும் சப்பாத்தும் அடுத்து வருவன. செருப்புடன் ஓட்டுவோர் ஒரு சிறு சறுக்கலிலேயே அதன் விலையை அறிவர். மாரிக்கு ஒரு மழைச்சட்டை. அது ஒளிரும் நிறத்ததாயின் நன்று.

இனி, வண்டியின் உடலுக்கு வருவோம். ஒரு மோட்டார்ச் சைக்கிள் தரையைத் தொடுவது இரண்டே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். விரைவும் திருப்பமும் நிறுத்தமும் யாவும் அவ்விரு உள்ளங்கைகளின் பிடியிலேயே தங்கியுள்ளன. தேய்ந்த ரயரை வைத்துக்கொண்டு புதிய புகைக்குழாய் வாங்குவது, ஓட்டைக் கூரையின் கீழ் மேசைக்கு வர்ணம் பூசுவதையொக்கும். நல்ல ரயர் எனின் அகன்ற ரயர் என்பது பொருளன்று. தயாரித்தவர் குறித்த அளவினும் அகன்றதைக் குறுகிய வளையத்திற் பூட்டினால் அது இரு புறமும் நெருக்குண்டு, வட்ட முதுகு கூர் முதுகாகி, வளைவுகளில் வண்டியைப் புதிராக்கும். சங்கிலிக்கு எண்ணெயும் உரிய தளர்வும், பிறேக்குக்குப் புதிய பட்டைகளும், ரயருக்குச் சரியான காற்றும் எவ்விதப் பளபளப்பும் தருவதில்லை. எனினும் சிறிய வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த அலங்காரம் அவையே.

நிறுத்தத்தின் கணக்கு எளியது. ஆயினும் பலர் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை. வேகம் கூடும்போது நிறுத்தும் தூரம் அதே அளவிற் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகின்றது. உலர்ந்த தார் வீதியில், நன்கு பிறேக் பிடிக்கத் தெரிந்த ஒருவர், மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் வண்டியை ஏறக்குறைய 10 மீற்றரில் நிறுத்தலாம். 60 கிலோமீற்றரில் அது 23 மீற்றர். 80 கிலோமீற்றரில் 41 மீற்றர். கண் கண்டதைக் கை உணர்வதற்குச் செல்லும் ஒரு வினாடியில் வண்டி ஓடும் தூரத்தை இவற்றோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும். 80 கிலோமீற்றரில் அது மட்டுமே 22 மீற்றர். நிறுத்தும் வலுவின் பெரும் பங்கு முன் பிறேக்கிலேயே உண்டு. முன் பிறேக்கைத் தொட்டால் விழுந்துவிடுவோம் என்று அஞ்சிப் பின் பிறேக்கை மாத்திரம் மிதிக்கும் பழக்கத்தை, வெறுமையான மைதானமொன்றில் ஒரு மாலைப்பொழுது பயின்று போக்கிக்கொள்ளலாம். அதற்குப் பணச் செலவில்லை.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சிறிய வண்டிகள் பலவற்றின் முன்விளக்கு 35 வாற்று; அதன் மின்பிறப்பாக்கியும் அதற்கேற்ற சிறியதே. 55 வாற்று விளக்குகள் இரண்டை அதன்மேற் சுமத்தினால் பற்றரி வற்றும்; கம்பிகளும் சூடேறும். எதிரே வருபவனின் கண்ணைக் குருடாக்கும் விளக்கு, அவனை நம்மீது மோதச் செய்யும் விளக்குமாகும்.

பொருட்பெட்டி பயனுடையது. ஆனால் அது பின்சில்லின் அச்சுக்கும் பின்னாகத் தொங்குவதால், அதிலேற்றும் பாரம் முன்சில்லை மேலெழச் செய்து, கைபிடியை இலேசாக்கி விடுகின்றது. இத்தகைய பெட்டிகள் பலவற்றிற்கு விதிக்கப்பட்ட எல்லை 3 முதல் 5 கிலோ வரையே. அரிசிச் சாக்கைப் பெட்டியில் வைப்பதிலும் இருக்கையிற் கட்டுவது மேல்.

இயந்திரத்தின் உள்ளே கைவைப்பதற்கு வண்டியோட்டிகளுக்குள்ள ஆவல் பெரிது. 1990களில், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிட்டாதபோது, சில துளி பெற்றோலாற் தொடக்கிவைத்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மோட்டார்ச் சைக்கிள்களை அம்மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது வேறு வழியில்லாத காலத்தின் விவேகம். அம்மாற்றத்தைச் செய்த கைகளை மெச்சவேண்டும். அதற்காக, பெற்றோல் கிடைக்கும் காலத்தில், முழக்கத்துக்காகச் சைலன்சரைத் துளைப்பதும் காற்று வடிகட்டியைக் கழற்றுவதும் விவேகமாகா. வடிகட்டி நீங்கினால் தூசி உள்ளே புகுந்து உருளையைத் தேய்க்கும். காற்று மிகுந்து எரிபொருட் கலவை மெலியும். இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியாது செய்த மாற்றம், விபத்தின் பின் நட்ட ஈட்டுக்குத் தடையாகவும் கூடும். 100 சீ.சீ. இயந்திரமொன்று ஏறக்குறைய 8 குதிரைவலுவையும் 150 சீ.சீ. இயந்திரமொன்று 14 குதிரைவலுவையும் தருவன. இவ்விடைவெளியை உதிரிப்பாகக் கடையிற் பொருள் வாங்கி நிரப்ப முடியாது. அவ்வலு மெய்யாகவே வேண்டுமாயின் வண்டியை மாற்றுவதே நேரான வழி.

அஃது எப்போது வேண்டும்? சில நாடுகள் இதனைச் சட்டத்தாலேயே தீர்த்துள்ளன. பிரித்தானியா 1961இல் பயிலுவோருக்கு 250 சீ.சீ. என்னும் எல்லையை இட்டு, 1983இல் அதனை 125 ஆகக் குறைத்தது. ஐரோப்பிய நாடுகளில் இன்று இடைப்படியாக 35 கிலோவாற்று வரையுள்ள வண்டியை ஈராண்டு ஓட்டிய பின்னரே இளைஞர் எல்லையற்ற வண்டிக்கு ஏறலாம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் 100 சீ.சீ. வரையுள்ளதை ஒரு வகையாகவும், அதற்கு மேற்பட்ட அனைத்தையும் மற்றொரு வகையாகவும் கொள்கின்றது. அந்தக் கோட்டைத் தாண்டியவரைத் தடுக்கும் வேறு படி இல்லை. ஆகவே இங்கு ஏணிப்படியை ஓட்டுபவர் தாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

தன் அன்றாட வேலையில் வண்டி எவ்விடத்திற் தவறுகின்றது என்று பார்ப்பதே சிறந்த அளவுகோல். பாடசாலைக்கும் சந்தைக்கும் வயலுக்கும் சென்று வருபவருக்கு 100 சீ.சீ. வண்டி எங்குமே தவறுவதில்லை. கிளிநொச்சியில் வேலை பெற்று, யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் நாள்தோறும் சென்று மீள்பவர் நிலை வேறு. பேருந்தை முந்தத் தொடங்கி, பாதியில் வலுவின்றித் தவித்து, எதிரே லொறி வரக் காணும் அனுபவம் மீண்டும் மீண்டும் நேருமாயின், பொறுமையோடு பின்தங்கப் பழகுதல் வேண்டும். அல்லது வண்டியை மாற்றுதல் வேண்டும். மலைநாட்டவர்க்கு இன்னுமொரு கணக்குண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்று அடர்த்தி குறைவாதலால் இயந்திரம் தன் வலுவில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கை இழக்கின்றது. கணவனும் மனைவியும் பொதியுமாக ஏறும் 8 குதிரைவலு வண்டி அங்கே முதலாங் கியரில் முனகுவதற்கு ஓட்டுபவர் பொறுப்பல்லர்.

தவறுவது வண்டியா, ஓட்டுபவரா என்பதையும் நேர்மையோடு நோக்கல் வேண்டும். வளைவில் அஞ்சுபவருக்குப் பெரிய வண்டி அச்சத்தைப் பெருக்குமேயன்றித் தணிக்காது. மழையில் ஒரு மாரி முழுவதும் ஓட்டி, இருவரை ஏற்றி, இரவில் நெடுந்தூரம் சென்று, அவசர நிறுத்தத்தை இடறலின்றிச் செய்பவரே ஏணியின் அடுத்த படிக்கு உரியவர். மாறும்போது குதிரைவலுவை மட்டும் நோக்காது, சில்லுப் பூட்டிக்கொள்ளாது காக்கும் பிறேக் அமைப்பு உண்டா எனக் கேட்பது நன்று. அது பழைய வண்டியிற் பின்னர் பூட்டிக்கொள்ள இயலாத ஒன்று. அதற்காகவே வண்டியை மாற்றுவது நியாயமான காரணமாகும்.

மிகப் பெரிய வண்டிகளை விரும்புவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். இந்நாட்டின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார்ச் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஏனைய வீதிகளிற் சட்டம் இடங்கொடுக்கும் வேகத்தை 125 சீ.சீ. வண்டியே எட்டிவிடும். 2022இல் எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிடைத்தது கிழமைக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடியது 240 கிலோமீற்றர் சென்றது. 30 ஓடியது அதிற் பாதியில் நின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீளத் திறக்கும் வரை, கையிலிருந்த சிறிய வண்டியைப் பேணி வைத்தவர்களே நிம்மதியாக இருந்தனர்.

வண்டி மாறும் நாளில், வாங்கிய அணிகள் இரு கூறாகப் பிரிகின்றன. கையுறையும் மழைச்சட்டையும் சொந்தக்காரரோடு செல்கின்றன. காப்புச் சட்டமும் பெட்டித் தாங்கியும் பழைய வண்டியோடு போய்விடுகின்றன. வாங்குபவர் அவற்றுக்குத் தனி விலை கொடுப்பது அரிது. கழற்றிய மூலப் பாகங்களைக் கடதாசியிற் சுற்றி வைத்திருந்தவரோ அவற்றை மீளப் பூட்டி நல்ல விலை பெறுகின்றார். பழையதை விற்காது தம்பிக்கோ தங்கைக்கோ கொடுப்பவர் முதலில் ரயரையும் சங்கிலியையும் பிறேக் பட்டைகளையும் புதுப்பித்துக் கொடுத்தல் வேண்டும். தலைக்கவசத்தை மட்டும் கொடுத்தலாகாது. அதன் உட்பஞ்சு மூத்தவரின் தலைக்கேற்ப அமிழ்ந்திருக்கும். இளையவரின் தலைக்கு வேறொன்றைக் கடையில் அணிந்து பார்த்தே வாங்கவேண்டும்.