பிழை களையும் பணி

குவாண்டம் கணிப்பொறி என்னும் சொல் இந்நாளில் பலர் வாயிலும் வழங்குகின்றது. ஆயினும் அத்துறை ஆராய்ச்சியாளர் நாள்தோறும் ஆற்றும் பணி யாதென வினவின், விடை கூறுவார் சிலரே. அது பெரும்பான்மையும் பிழை களைதலே என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுவேன்.

சாதாரணக் கணிப்பொறியின் சிற்றுறுப்பாகிய பிட், 0, 1 என்னும் இரண்டனுள் ஒன்றாகவே நிற்கும். கியூபிட் என்பதோ, அளந்தறியும் வரையில் அவ்விரண்டும் கலந்த நிலையில் நிற்க வல்லது. அளந்தவுடன் கலப்பு நீங்கி ஒன்றே எஞ்சும். இக்கலப்பு நிலையைக் கொண்டு, பேரெண்களைப் பகாக் காரணிகளாக விரைந்து பிரிக்கும் வழியை 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தினராகிய பீட்டர் ஷோர் கண்டார்.

எனினும் இந்நிலை மிக மெல்லியது. சிறிது வெப்பம் தீண்டினும் குலையும். ஆதலின், மீகடத்திகளாலாய கியூபிட்டுகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஏறக்குறைய ஒரு பாகையின் நூற்றிலொரு பங்களவு குளிரில் வைப்பர். அங்ஙனம் வைத்தும் பிழை நேர்கின்றது.

ஏட்டுச் சுவடிகளிலுள்ள பிழைகளைப் பல படிகளை ஒப்புநோக்கித் திருத்துதல் தமிழ் பயில்வோர் அறிந்ததே. கியூபிட்டுக்கு அவ்வழி அடைபட்டது. அறியப்படாத குவாண்டம் நிலையைப் படியெடுத்தல் இயலாதென 1982-இல் நிறுவப்பட்டது. படித்தறியப் புகினோ நிலையே அழியும். படியெடாமலும் படியாமலும் திருத்துவது எங்ஙனம்? 1995-இல் ஷோரே இதற்கும் விடை கண்டார். ஒரு கியூபிட்டின் செய்தியை ஒன்பதிற் பின்னிப் பரப்பி, ஒவ்வொன்றும் யாதென வினவாது, அவை தம்முள் ஒத்துள்ளனவா, மாறினவா என்று மட்டும் வினவுதல் அவர் முறை. பிழை வெளிப்படும், செய்தி மறைந்தே நிற்கும்.

ஆயினும், காவலாக வைத்த கியூபிட்டுகளும் பிழைபடுவனவே. ஒவ்வொன்றன் பிழையும் ஓரெல்லைக்குள் அடங்கினாலன்றி, காவல் பெருகப் பிழையும் பெருகும். 2024-இல் கூகுள் ஆய்வாளர், 105 கியூபிட்டுகள் கொண்ட வில்லோ என்னும் சில்லில், பக்கத்துக்கு 3, 5, 7 எனச் சதுரங்களைப் பெருக்கி, ஒவ்வொரு முறையும் பிழை விகிதம் பாதியாகக் குறைதலைக் காட்டினர். ஷோர் வழி கூறி 29 ஆண்டுகள் கழிந்தபின் கிட்டிய பயன் இது. இடைப்பட்ட ஆண்டுகளில் குளிர்பொறியையும் கம்பிகளையும் சீர்செய்து, தவறிய சோதனைகளை மீண்டும் செய்தோர் மிகப் பலர்.

2025-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஜான் மார்ட்டினிஸ் ஒருவர். மின்சுற்றிலும் குவாண்டம் இயல்பு விளங்குமெனக் காட்டிய அச்சோதனைகள் நிகழ்ந்த 1984, 1985-ஆம் ஆண்டுகளில் அவர் பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவரே. நண்பர்காள், பிழையற்ற பெருங் கணிப்பொறி இன்னும் அமைந்திலது. பொறுமையுடன் பிழை தேடுவார்க்கு அங்கே இடமுண்டு.