வீட்டுப் பட்டறை – 9: பள்ளத்துக்குத்தான் பணம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரை ஒட்டிய கிராமப்புறம் சியோ டவுன்ஷிப். அங்கே குடியிருக்கும் ஜாரெட் மாச், தொழிலால் நெட்வொர்க் வல்லுநர். 2002-ல் அந்த வீட்டுக்கு வந்தபோது டி1 என்ற தொலைபேசி லைன் வழியாக நொடிக்கு 1.5 மெகாபிட் வேகம் கிடைத்தது. அன்றைக்கு அது தாராளம். பிறகு நகரத்தில் வேகம் நூறு மடங்காக ஏறியும் அவர் வாசலுக்கு நல்ல கேபிள் வந்து சேரவில்லை. கேபிள் நிறுவனத்தை அணுகினால், லைனை அவர் வீடு வரை நீட்ட 50,000 டாலர் ஆகும் என்றார்கள். மாச் அதைக் கொடுக்கவில்லை. சொந்தமாகவே ஓர் இணைய நிறுவனத்தைத் தொடங்கி, 2021 வாக்கில் தன் வீட்டையும் சேர்த்து ஏறத்தாழ முப்பது வீடுகளுக்கு ஃபைபர் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு கொரோனா மீட்பு நிதியிலிருந்து 26 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டு, மேலும் நானூறுக்கும் அதிகமான முகவரிகளுக்கு இணைப்பு கொடுக்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

அவருடைய முதல் கட்டக் கணக்கில் கவனிக்கவேண்டிய எண் ஒன்று உண்டு. செலவான சுமார் 1,45,000 டாலரில் 95,000 டாலர், மண்ணுக்கடியில் குழாய் பதித்த ஒப்பந்தக்காரருக்குப் போயிற்று. மூன்றில் இரண்டு பங்கு பணத்தை மண் விழுங்கியது. கண்ணாடி இழையும் கருவிகளும் மற்றதெல்லாமும் மிச்சத்தில் அடங்கின. அதனால்தான் ஒரு குழாய் போகும் இடத்தில் அவர் இரண்டு குழாய்களைச் சேர்த்துப் பதிக்கச் செய்தார். ஒன்றில் இன்றைய ஃபைபர், மற்றொன்று நாளைக்காகக் காலி.

இதே கணக்கு, அளவில் சுருங்கி, வீட்டுக்கும் தோட்டத்தின் கோடியில் பட்டறையாக இருக்கும் கராஜுக்கும் நடுவே திரும்ப வருகிறது. சென்ற வாரம் அந்தக் கராஜுக்குத் தனி மின்பலகை வந்ததைப் பார்த்தோம். இன்றைய பட்டறைக்கு இணையமும் கிட்டத்தட்ட மின்சாரம் மாதிரியே தேவைப்படுகிறது. ஃபியூஷன் (முன்பு ஃபியூஷன் 360) போன்ற வரைபட மென்பொருளில் கோப்புகள் கிளவுடில்தான் இருக்கின்றன. எட்டு மணி நேரம் ஓடும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தை வீட்டிலிருந்தே கேமராவில் கண்காணிக்க ஆக்டோபிரிண்ட் இருக்கிறது. வேலையைப் படமெடுத்து யூடியூபில் ஏற்றுகிறவருக்கோ, பதிவிறக்கும் வேகத்தைவிட பதிவேற்றும் வேகம் முக்கியம்.

முதலில் எல்லோரும் வைஃபையைத்தான் நம்புகிறார்கள். குளிருக்காகச் சுவரில் வைத்த அலுமினியத் தாள் ஒட்டிய தடுப்பும் இரும்புக் கதவும் அதை அமுக்கிவிடுகின்றன. அடுத்து, மின்கம்பி வழியாகவே இணையம் அனுப்பும் அடாப்டர். அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரம் 120 வோல்ட் கொண்ட இரண்டு லைன்களாக வருகிறது. ஒரு அடாப்டர் ஒரு லைனிலும் இன்னொன்று மற்ற லைனிலும் மாட்டிக்கொண்டால் சிக்னல் தேய்ந்துபோகும். அதன்மேல் வெல்டிங் மெஷினும் மோட்டார்களும் கிளப்பும் மின்னிரைச்சல் வேறு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தில் சிறு பங்கு கிடைத்தாலே பெரிது.

தோண்ட வழியே இல்லாத இடங்கள் உண்டு. நடுவே முழுக்கக் கான்கிரீட் போட்டிருக்கலாம், வாடகை வீடாக இருக்கலாம். அவர்களுக்கு 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ பாலம் நல்ல வழி. இரண்டு சிறு கிண்ண ஆன்டெனாக்களை ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி மாட்டினால் நொடிக்கு ஒரு கிகாபிட் போய்வரும். இந்த அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே உறிஞ்சும், மழையும் குறைக்கும். முப்பது மீட்டர் தூரத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. நடுவில் மரக்கிளை வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தோண்ட முடிகிறவர் முதலில் எடுக்கவேண்டியது தொலைபேசியை. அமெரிக்கா முழுக்க 811 என்ற எண், 2007-லிருந்து. அழைத்த சில நாட்களில் ஆட்கள் வந்து, மண்ணுக்கடியில் லைன்கள் போகும் வழியைக் காட்டப் புல்தரையில் வண்ணக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். சிவப்பென்றால் மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு. ஆனால் மீட்டருக்கு அப்பால் வீட்டுக்காரர் தானே இழுத்த லைன்களை அவர்கள் பொதுவாகக் குறிப்பதில்லை. வீட்டிலிருந்து கராஜுக்குப் போகும் மின்கம்பியும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆபத்து அங்கேயே இருக்கிறது.

பள்ளம் தயார். அதில் எதைப் போடுவது? கேட்-6 செப்புக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், தோட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். சிக்கல் தூரத்தில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. தனி மின்பலகை உள்ள கராஜுக்குத் தனி எர்த் கம்பி உண்டு. பக்கத்தில் எங்கேயாவது மின்னல் இறங்கினால், அந்த நொடியில் இரண்டு எர்த்துக்கும் இடையே பெரிய மின்னழுத்த வித்தியாசம் உண்டாகும். நடுவே செப்புக் கம்பி கிடந்தால் மின்சாரம் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். வீட்டு ரவுட்டரிலிருந்து பட்டறைக் கணினி வரை வழியில் இருப்பதெல்லாம் கருகலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. உலோகக் கவசம் இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்கினால் இந்தப் பயம் முழுக்க விலகும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செப்பு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

குழாய்க்கு ஒரு அங்குல பிவிசியாவது வேண்டும். இரு முனையிலும் கனெக்டர் பொருத்தியே விற்கும் ஃபைபர் சிறு குழாயில் நுழையாது. திருப்பங்களில் தண்ணீர்க் குழாயின் முட்டியை வைக்காமல், மின்வேலைக்கென்று விற்கும் அகன்ற வளைவுகளை வைக்கவேண்டும். மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயில் எப்படியும் ஈரம் சேரும். ஆகவே கேபிள் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ரகமாக இருக்கட்டும்.

பட்டறையில் எல்லோருக்கும் பிடித்துப்போகிற வேலை அடுத்தது. ஒரு பிளாஸ்டிக் பையின் துண்டை உருட்டி மெல்லிய நைலான் நூலின் நுனியில் கட்டிக் குழாயின் வீட்டுப் பக்கத்து வாயில் வைக்கிறார்கள். கராஜ் பக்கத்து வாயில் மரத்தூள் உறிஞ்சும் வாக்யூம் குழாயைப் பொருத்தி, சுற்றிலும் துணியால் அடைத்து, சுவிட்சைப் போடுகிறார்கள். நூல்கண்டு கிறுகிறுவென்று சுழன்று, சில நொடிகளில் நூல் மறுபக்கம் போய்ச்சேர்கிறது. அந்த நூலால் கயிற்றை இழுத்து, கயிற்றால் ஃபைபரை இழுக்கவேண்டும். கயிற்றைக் கனெக்டரில் கட்டக்கூடாது. உறைக்குள் இருக்கும் மஞ்சள் நிற அராமிட் நாரில்தான் கட்டவேண்டும், இழுவையைத் தாங்குவது அதுதான். கூடவே இன்னொரு நூலையும் சேர்த்து இழுத்து உள்ளே விட்டுவைத்தால், அடுத்த கேபிளுக்கு இந்தப் பாடு கிடையாது.

இருபுறமும் ஒளியை மின் சைகையாக மாற்றும் சிறு மீடியா கன்வெர்ட்டர்கள். அங்கே பட்டறைக்கே உரிய எதிரி மரத்தூள். சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான், தலைமுடியில் எட்டில் ஒரு பங்கு. ஒரு துகள் உட்கார்ந்தால் வழியை மறித்துவிடும். செருகும் கணம் வரை மூடியைக் கழற்றக்கூடாது. கழற்றியதும், பேனா மாதிரி இருக்கும் துடைப்பானை வைத்து ஒரு சொடுக்கு. முனைக்குள் கண் வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது, அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாகக் குளிர். வீட்டுக்கென்று விற்கும் கருவிகள் பலவும் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் உத்தரவாதம் பெற்றவை. சூடேற்றாத மிச்சிகன் கராஜ் ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மைனஸ் 40 வரை தாங்கும் தொழிற்சாலை ரகம் சற்று விலை கூடுதல், ஆனாலும் அதைத்தான் வாங்கவேண்டும். விசிறி இல்லாத மாடலாக எடுத்து, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, அறுக்கும் மேசைக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் தூளும் அண்டாது.

அடுத்த வாரம்: மரத்தூளை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அமைப்பு.

(தொடரும்)